61 மாதிரிகளில் ஒரே ஒரு பெண்: ராகிகடி டி.என்.ஏ. ஆய்வு

ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்தில் இருக்கும் ராகிகடி, சிந்துவெளி நாகரிகத்தின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. ஊர் மேட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தள்ளி அந்த நகரத்தின் இடுகாடு இருந்தது. புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த வசந்த் ஷிண்டே தலைமையில் அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த எலும்புகளிலிருந்து 61 மாதிரிகள் டி.என்.ஏ. சோதனைக்கு எடுக்கப்பட்டன. அவற்றில் 60 மாதிரிகள் கைவிட்டுவிட்டன. தேறியது ஒன்றுதான். ஆய்வக எண் ஐ6113. தலைமாட்டில் பானைகள் அடுக்கிப் புதைக்கப்பட்ட ஒரு பெண். புதைத்த முறையும் மட்பாண்டமும் காட்டும் காலம் கி.மு. 2800 முதல் 2300 வரை.

அவளுடைய மரபணுத் தரவு 2019 செப்டம்பரில் 'செல்' ஆய்விதழில் வெளிவந்தது. யூரேசிய ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பர்களின் மரபுக்கூறு அவளிடம் இல்லை என்ற அதன் முடிவைப் பற்றி அன்றிலிருந்து பேசியவர்கள் ஏராளம். 61-ல் 60 ஏன் தோற்றன, மிஞ்சிய ஒன்றிலிருந்து தரவை எப்படித் தேற்றினார்கள், அந்தத் தரவு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் அதன் முடிவை எடைபோட முடியாது.

வெயில் செய்த வேலை

டி.என்.ஏ. எத்தனை ஆண்டு பழையது என்பதைவிட, அந்த ஆண்டுகளை எந்த வெப்பத்தில் கழித்தது என்பதே முக்கியம். ஸ்பெயினின் சிமா டே லோஸ் உவேசோஸ் குகையில் ஏறத்தாழ 4,30,000 ஆண்டுப் பழமையான மனித மூதாதையரின் எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது. சைபீரிய உறைமண்ணில் கிடந்த மாமூத் பற்கள் 10 லட்சம் ஆண்டைத் தாண்டியும் கொடுத்தன. 4,500 ஆண்டே ஆன ஹரியானா எலும்பு கொடுக்க மறுக்கிறது.

உயிர் போனதும் செல்லின் நொதிகளும் மண்ணின் நுண்ணுயிர்களும் முதலில் கடிக்கின்றன. அதற்குப் பிறகு நடப்பது நீரும் வெப்பமும் சேர்ந்து செய்யும் வேதிவினை. டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளின் தொடர். அவற்றில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் இழையின் முதுகிலிருந்து கழன்று விழும். கழன்ற இடத்தில் இழை அறும். ஒரு குரோமோசோமில் கோடிக்கணக்கான எழுத்துகள் தொடராக இருந்தவை 30, 50, 70 எழுத்துத் துணுக்குகளாக நொறுங்கும். இன்னொரு பக்கம் சி என்ற எழுத்து சிதைந்து யூ ஆகும். வாசிக்கும் கருவிக்கு அது டி என்று தெரியும். வெப்பம் ஏறினால் இரண்டு வினையும் பல மடங்கு வேகம் பிடிக்கும்.

ராகிகடியில் கோடை வெயில் மட்டும் எதிரியில்லை. மழைக்காலத்தில் மண் ஊறும், பிறகு காயும், மறுபடி ஊறும். டி.என்.ஏ.வைத் தன் மேல் ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது எலும்பின் கால்சியம் பாஸ்பேட் படிகம். நீர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படிகம் கொஞ்சம் கரைந்து மறுபடி படிகிறது. பிடி தளர்ந்த துணுக்கு நீரோடு போய்விடுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஈரத்தைவிட இந்த ஊறலும் காய்தலும் எலும்புக்குப் பெரிய கேடு.

இதற்கு எதிர்முனையில் உத்தரகாண்டின் ரூப்குண்ட் ஏரி இருக்கிறது. 5,029 மீட்டர் உயரம், ஆண்டின் பெரும்பகுதி பனி. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் கை கால்களின் நீண்ட எலும்புகள்தான். டி.என்.ஏ.வைக் காப்பதில் அவை சுமார் ரகம். இருந்தும் 38 பேரின் மரபணுத் தரவு தேறியது. ஒரே புயலில் மாண்ட ஒரே கூட்டம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டவர்கள், ஏறத்தாழ 1,000 ஆண்டு இடைவெளியில் இறந்தவர்கள் என்பதும், பிற்காலத்தவருள் 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் வம்சாவளியினர் என்பதும் அதில் வெளிப்பட்டது. குளிர் காப்பாற்றித் தந்த கதை அது. அந்த வசதி ராகிகடிக்கு இல்லை.

குழியிலேயே தோற்கும் இடங்கள்

எலும்பு வெளிப்பட்டவுடன் செய்யும் காரியங்கள் பிறகு ஆய்வகத்தில் திருத்த முடியாதவை. நம் விரலில், எச்சிலில், பொடுகில் இருக்கும் டி.என்.ஏ. புதியது, நீளமானது, ஏராளமானது. பழைய எலும்பில் மிஞ்சியிருப்பது அதன் முன்னால் தூசு. எனவே கையுறை இரண்டடுக்கு. மேலுறை கிழிந்தாலும் அழுக்கானாலும் உடனே மாற்ற வேண்டும். முகக்கவசம், தலைமுடி மூடும் தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

அடுத்தது, கழுவக்கூடாது. அகழாய்வில் கிடைப்பதையெல்லாம் நீரில் அலசி வெயிலில் பரப்பி உலர்த்துவது பழகிப்போன வழக்கம். பானையோட்டுக்கு அது சரி. எலும்பை நீரில் அலசினால் மேற்பரப்பு மாசு நுண்துளை வழியாக உள்ளே இறங்கும். வெயிலில் காய்ந்தால் விரிசல் விடும், வெப்பம் இன்னொரு தவணை சேதம் செய்யும். நிழலில் உலரவிட்டு, காற்றுப் போகும் காகித உறையில் இட்டு, குளிரான இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். உதிரும் எலும்பைக் கெட்டிப்படுத்தப் பசை தடவும் அவசரமும் வரும். மாதிரிக்கான பாகத்தை ஒதுக்கிய பிறகு மற்றதற்குத் தடவிக்கொள்ளலாம்.

எந்தப் பாகம்? காதின் உட்புறம், மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் பெட்ரஸ் எலும்பு. உடம்பிலேயே மிக அடர்த்தியானது. அதற்குள்ளும் உட்காதைச் சுற்றியிருக்கும் ஓடு. 2014, 2015 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இந்தப் பகுதி மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு, சில மாதிரிகளில் நூறு மடங்குக்கும் மேல், டி.என்.ஏ. வைத்திருப்பதைக் காட்டின. வெப்ப நாடுகளில் இந்த வேலை சாத்தியமானதே அதற்குப் பிறகுதான். பெட்ரஸ் கிடைக்காவிட்டால் பல். அதிலும் வேரைச் சுற்றிய மேற்பூச்சு நல்லது. விலா எலும்பையும் முதுகெலும்பையும் இந்த மண்ணில் நம்பவே வேண்டாம்.

பொடியிலிருந்து கரைசல் வரை

தூய அறை என்று சொல்லும் ஆய்வகத்தில் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக வைக்கப்படும். கதவு திறந்தால் காற்று வெளியேதான் போகும், தூசு உள்ளே வராது. மேசைகளை பிளீச் கொண்டு துடைத்து, ஆளில்லாத நேரத்தில் புறஊதா விளக்கை எரியவிடுவார்கள். டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கும் வேலை வேறு அறையில், முடிந்தால் வேறு கட்டடத்தில் நடக்கும். அங்கே போனவர் அன்றைக்குத் தூய அறைக்குத் திரும்பக்கூடாது. பெருக்கிய குழாய் ஒன்றைத் திறந்து மூடினால் காற்றில் பறக்கும் நுண்துளியில் லட்சக்கணக்கான படிகள் இருக்கும். ஓர் ஆய்வகத்தையே பல மாதம் முடக்க அது போதும்.

எலும்பின் மேற்பரப்பை மணல் பீய்ச்சிச் சுரண்டி நீக்கி, உள் ஓட்டைக் குறைந்த வேகத்தில் துளையிட்டுப் பொடி எடுக்க வேண்டும். வேகம் கூட்டினால் துளைமுனை சூடாகி, 4,500 ஆண்டு தப்பியதை அரை நிமிடத்தில் கருக்கிவிடும். தேவை 50 மில்லிகிராம் பொடி, ஒரு சிட்டிகையிலும் கொஞ்சம். அதை 1 மில்லிலிட்டர் கரைசலில் இடுவார்கள். அந்தக் கரைசலில் கால்சியத்தைப் பிடித்திழுக்கும் ஈ.டி.டி.ஏ. ஏறத்தாழ 0.45 மோலார், புரதத்தைக் கரைக்கும் புரோட்டீனேஸ் கே நொதி மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம். 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் மெல்லச் சுழலவிட்டால் படிகமும் புரதமும் கரைந்து டி.என்.ஏ. விடுபடும்.

பிறகு அதைச் சிலிக்காவில் பிடிக்க வேண்டும். பழைய முறைகள் நீளமான துணுக்கைப் பிடித்தன, 40 எழுத்துக்கும் குறைந்தவற்றை வடிகட்டில் விட்டன. வெப்ப நாட்டு எலும்பில் இருப்பதே பெரும்பாலும் அந்தக் குட்டைத் துணுக்குதான். 2013-ல் வந்த முறை இதை மாற்றியது. 1 மில்லிலிட்டர் சாற்றுக்கு 13 மில்லிலிட்டர் பிணைப்புக் கரைசல், அதில் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு 5 மோலார், ஐசோபுரோப்பனால் 40 விழுக்காடு. இந்த விகிதத்தில் 35 எழுத்துத் துணுக்கும் சிலிக்காவில் ஒட்டுகிறது. ஐசோபுரோப்பனாலைக் குறைத்தால் முதலில் இழப்பது அந்தக் குட்டைகளைத்தான்.

ஒவ்வொரு தொகுதியோடும் எலும்பே இடாத வெற்றுக் குழாய் ஒன்று எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும். அதில் மனித டி.என்.ஏ. தென்பட்டால் வேதிப்பொருளோ கையோ மாசு என்று பொருள். அந்தத் தொகுதியின் எந்த முடிவையும் நம்பக்கூடாது.

ஒரு பெண்ணுக்கு நூறு லைப்ரரி

கிடைத்த துணுக்குகளின் இரு முனையிலும் செயற்கையான குட்டை இழைகளை ஒட்டி, கருவி வாசிக்கத் தக்கதாக்கும் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். சாதாரணமாக ஒருவருக்கு ஒன்றிரண்டு லைப்ரரி போதும். ஐ6113-க்கு நூற்றுக்கும் மேல் செய்ய வேண்டி வந்தது. ஒரே லைப்ரரியை நூறு முறை வாசித்தால் ஆகாதா என்ற கேள்வி இங்கே எழும்.

ஆகாது. 50 மில்லிகிராம் பொடியில் அவளுடைய துணுக்குகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு பங்குதான் லைப்ரரியாக மாறுகிறது. அதைப் பெருக்கி வாசிக்கும்போது சீக்கிரமே ஒரே துணுக்கின் படிகளே திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். தொடக்கமும் முடிவும் ஒத்த வாசிப்புகளை ஒன்றாகச் சுருக்கி எண்ணினால் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும். கிணறு வற்றிவிட்டது. இனி எத்தனை வாளி இறக்கினாலும் பயனில்லை, புதுக் கிணறுதான் தோண்ட வேண்டும். புதிதாகப் பொடி, புதிதாகச் சாறு, அதிலிருந்து புது லைப்ரரி. இப்படிச் சேர்த்த தூற்றலைத்தான் கடைசியில் ஒன்றாகக் கூட்டினார்கள்.

இன்னொரு இடைஞ்சல், சாற்றில் இருப்பதில் பெரும்பகுதி மண் பாக்டீரியாவின் டி.என்.ஏ. மனித பங்கு இத்தகைய மண்ணில் பெரும்பாலும் 1 விழுக்காட்டைத் தொடாது. அப்படியே வாசித்தால் 100 ரூபாய் செலவில் 99 ரூபாய் பாக்டீரியாவுக்குப் போகும். எனவே தூண்டில் போட வேண்டியிருக்கிறது. மனிதர்களிடையே வேறுபடும் ஏறத்தாழ 12 லட்சம் இடங்களுக்குப் பொருந்தும் செயற்கை இழைகளைச் செய்து, அவற்றில் ஒட்டும் துணுக்குகளை மட்டும் இழுத்தெடுப்பார்கள். முதல் சல்லடைக்கு, தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வும் சுமார் 3,000 இடங்களும் போதும். 61 மாதிரிகளில் 60 இந்த அளவிலான வடிகட்டலைத் தாண்டவில்லை.

லைப்ரரி செய்யும் முன் யூ.டி.ஜி. என்ற நொதியைக் கொண்டு சிதைந்த யூ எழுத்துகளை நீக்குவதும் உண்டு. 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து நிறுத்தினால் நடுவிலிருப்பவை போய், கடைசி முனையில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். வேண்டுமென்றே மிச்சம் வைப்பதுதான். அந்த முனைச் சிதைவே பழமைக்கு முத்திரை.

எல்லாம் முடிந்தபோது 12 லட்சம் இடங்களில் ஒரு தடவையாவது வாசிக்கப்பட்டவை 31,760. இது 3 விழுக்காடுகூட இல்லை. ஓரிடத்தில் தாய் வழி எழுத்து, தந்தை வழி எழுத்து என இரண்டையும் பிரித்தறிய முடியாத மெல்லிய தரவு. அங்கே கிடைத்த ஒரு வாசிப்பையே அந்த இடத்துக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

அது அவளுடைய டி.என்.ஏ.தானா

முதல் சோதனை, துணுக்குகளின் முனையில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி வரும் விகிதம். இன்றைய மனிதரின் மாசில் அது கிட்டத்தட்ட இராது. நூறு லைப்ரரியில் எதிலாவது இந்த விகிதம் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அதை எறிந்துவிட வேண்டும். கூட்டுத்தொகை குறைகிறதே என்று வருந்தக்கூடாது.

இரண்டாவது, மைட்டோகாண்டிரியா. அது ஒருவருக்கு ஒரே வகைதான் இருக்கும். வாசிப்புகளில் இரண்டு வகை கலந்து வந்தால் இரண்டு பேர். மூன்றாவது சோதனை எக்ஸ் குரோமோசோமை வைத்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, ஆகவே அதில் ஓரிடத்தில் இரண்டு எழுத்து வந்தால் மாசு. ஐ6113-ல் ஒய் குரோமோசோம் வாசிப்புகளின் தாழ்ந்த விகிதம் அவள் பெண் என்று காட்டியது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, எனவே இந்த மூன்றாவது சோதனை இங்கே பயன்படாது. இந்தத் துறையில் பெண் எலும்புகளின் தூய்மையை நிறுவுவது எப்போதும் ஒரு படி கடினம்.

மாசு எந்தத் திசையில் தள்ளும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த எலும்பைத் தொட்டிருக்கக்கூடிய இன்றைய வட இந்தியரிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமும் ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பர்களின் மரபுக்கூறு இருக்கிறது. அவர்களின் மாசு கலந்திருந்தால் அவளிடம் இல்லாத ஸ்டெப்பிக் கூறு இருப்பதாகத் தெரிந்திருக்கும். கிடைத்த விடையோ அதற்கு நேரெதிர். இந்த ஒரு காரணத்தாலேயே அந்த முடிவின் மேல் நம்பிக்கை கூடுகிறது.

தரவு சொன்னது

அவளுடைய வம்சாவளி இரண்டு ஓடைகளின் கலப்பு. ஒன்று பண்டைய ஈரானிய மக்களோடு தொடர்புடையது. மற்றது தெற்காசியாவின் பழங்குடி வேட்டையாடிகளுடையது. அந்த வேட்டையாடிகளின் எலும்பிலிருந்து நேரடித் தரவு இல்லாததால், அவர்களுக்குத் தொலைவில் உறவான அந்தமான் மக்களை ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். ஸ்டெப்பிக் கூறு, பிழை வரம்புக்குள், பூச்சியம்.

ஈரானியத் தொடர்புதான் எதிர்பாராத பகுதி. மேற்கு ஈரானிலிருந்து உழவர்கள் கிழக்கே பரவி வந்து சிந்துவெளியில் வேளாண்மையை விதைத்தார்கள் என்பது பழைய கருத்து. அப்படியானால் அவள் சாக்ரோஸ் மலையின் கஞ்ச் தரே உழவர்களுக்கு, அதே ஈரானின் பெல்ட் குகை வேட்டையாடிகளைவிட நெருங்கியவளாக இருக்க வேண்டும். எஃப்4 என்ற புள்ளியியல் சோதனை இதைத்தான் கேட்கிறது: நால்வரை இணை இணையாக வைத்து, யாரோடு யார் கூடுதல் எழுத்துகளைப் பகிர்கிறார்கள் என்று எண்ணுவது. விடை சமமாக வந்தது. அந்த ஈரானியக் குழுக்கள் தங்களுக்குள் பிரியும் முன்பே அவளுடைய மூதாதையர் பிரிந்துவிட்டார்கள். அது வேளாண்மைக்கு முந்திய காலம். பிற்கால ஈரானிய உழவர்களிடம் கலந்துவிட்ட அனத்தோலிய (இன்றைய துருக்கிப் பகுதி) கூறும் அவளிடம் இல்லை. பெரிய மக்கள் பெயர்வு இல்லாமலே உழவு இங்கே வேர் பிடித்தது என்பதற்கு இது வலுவான சான்று.

ஒருத்தியை வைத்து இவ்வளவா? ஒருவரின் மரபணுவில் முன்னோர் ஆயிரக்கணக்கானவரின் துண்டுகள் இருப்பதால், கலப்பு விகிதத்தை அறிய 31,760 இடங்கள் போதுமானவை. ஆனால் அந்த நகரத்து மக்கள் எல்லோரும் அவளைப் போல இருந்தார்களா என்று அவள் ஒருத்தியால் சொல்ல முடியாது. இந்தக் குறையை நிரப்ப வந்தவர்கள் வேறு 11 பேர். துர்க்மெனிஸ்தானின் கோனூரில் 3, கிழக்கு ஈரானின் ஷஹ்ர்-இ சோக்தாவில் 8. தங்கள் ஊர்க்காரர்களோடு மரபளவில் ஒட்டாமல் தனித்து நின்றவர்கள் இவர்கள். இரண்டு ஊர்களுக்கும் சிந்துவெளியோடு வாணிகம் இருந்தது. சிந்துவெளியிலிருந்து போனவர்களாக இருக்கலாம் என்ற ஐயம் ஏற்கெனவே இருந்தது. சிந்துவெளி மண்ணிலேயே புதைந்த ஐ6113 அவர்களோடு அப்படியே பொருந்தியபோது அந்த ஐயம் உறுதியானது. தாய்வழியில் அவளுடைய யூ2பி2 வகை, அதுவரை வாசிக்கப்பட்ட ஏறத்தாழ 400 பண்டைய மத்திய ஆசியர்களிடம் இல்லை என்பதும் துணை நின்றது.

தரவு சொல்லாதது

இந்திய-ஆரிய மொழிகளைக் கொண்டுவந்தவர்கள் ஸ்டெப்பி மேய்ப்பர்கள் என்பது பரவலான கருத்து. 'ஸ்டெப்பி இல்லை, ஆகவே ஆரியர் வருகை பொய்' என்று சிலர் எழுதினார்கள். கி.மு. 2300-க்கு முன் இறந்த ஒருத்தியிடம் ஸ்டெப்பிக் கூறு இல்லை. அது கி.மு. 2000-க்குப் பிறகு வந்தது என்று வைத்துக்கொண்டால் அவளிடம் இருக்கவே கூடாது. அவள் அந்த வருகைக்கு எதிர்ச்சான்றாக மாட்டாள், அதற்கு முந்திய நிலையின் படம் அவள். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் கி.மு. 1200-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் புதைந்தவர்களிடம் அந்தக் கூறு இருக்கிறது. இன்றைய தெற்காசியர் பெரும்பாலோரிடமும் கூடக் குறைய இருக்கிறது. இடையில் எப்போதோ வந்துதான் ஆக வேண்டும்.

'அவள் திராவிட மொழி பேசினாள் என்று டி.என்.ஏ. நிரூபித்துவிட்டது' என்று மறுபுறம் எழுதினார்கள். நமக்குப் பிடித்த முடிவு என்பதால் இதைத்தான் நாம் கூடுதலாக உரசிப் பார்க்க வேண்டும். அவளுடைய கலப்பு இன்றைய தெற்காசியர் பெரும்பாலோருக்கும், தென்னிந்தியருக்கும், மிகப் பெரிய மூலமாக இருக்கிறது. அவ்வளவு உறுதி. நாவில் இருந்த மொழி எலும்பில் பதிவதில்லை. ஒரே மரபினர் வெவ்வேறு மொழி பேசுவதும், மொழியை மாற்றிக்கொள்வதும் நாமறிந்த காலத்திலேயே பலமுறை நடந்திருக்கிறது. அந்த வழக்கைச் சொற்களையும் எழுத்துகளையும் இடப்பெயர்களையும் வைத்துத்தான் நடத்த வேண்டும். டி.என்.ஏ. அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

தாழிகளைத் திறக்கும்போது

தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரிலும் கீழடியை ஒட்டிய கொந்தகையிலும் எலும்புகள் தாழிக்குள் இருக்கின்றன. கொந்தகை எலும்புகளின் மரபணு ஆய்வு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்டது. வெப்பம் ராகிகடியைவிடக் குறைவில்லை, குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஆண்டுச் சராசரி இன்னும் கூடுதல். தாழி ஒரு மூடிய பாத்திரம்போலத் தோன்றினாலும் மூடி உடைந்து மண் இறங்கியதும் மழைநீர் தேங்கும் தொட்டியாகிவிடுகிறது. எனவே ஒன்றிரண்டு தாழியில் விடை வராவிட்டால் முயற்சி தவறு என்று எண்ண வேண்டியதில்லை. 60 தோல்விக்குப் பணமும் பொறுமையும் ஒதுக்கிவைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

தாழியைக் களத்தில் கொட்டக்கூடாது. மண்ணோடு அப்படியே எடுத்து, நிழற்கூரைக்குள் அடுக்கடுக்காக இறக்க வேண்டும். மண்டையோடு நொறுங்கியிருந்தாலும் பெட்ரஸ் எலும்பு பெரும்பாலும் முழுசாக இருக்கும். சிறு கூழாங்கல்போல, முக்கோணக் கூம்பு வடிவில், மற்றதைவிடக் கனமாகக் கையில் தட்டும். சல்லடையில் கல்லென்று எறிந்துவிடும் ஆபத்து அதற்கு உண்டு. தாழி மண்ணிலும் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வைக்க வேண்டும். எலும்பில் வரும் பாக்டீரியா மண்ணிலிருந்து வந்ததா, உடம்பிலேயே நோயாக இருந்ததா என்று பிரிக்க அதுதான் ஒப்பீடு. களத்தில் வேலை செய்தவர்களின் டி.என்.ஏ.வையும் அவர்கள் இசைவோடு பதிந்து வைத்தால், பிறகு மாசு தென்படும்போது யாருடையது என்று தேட முடியும்.

துளையிட்ட எலும்பு திரும்ப வராது. ஆகவே துளைக்கும் முன் நிழற்படம், அளவுகள், முடிந்தால் சி.டி. ஸ்கேன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எடுத்த பொடியில் ஒரு பகுதியையும் சாற்றில் ஒரு பகுதியையும் உறைபெட்டியில் தனியே வைக்க வேண்டும். 2013-க்கு முன் 40 எழுத்துத் துணுக்குகளைக் கழிவுத் தொட்டியில் ஊற்றியவர்கள் அன்றைய சிறந்த முறையைத்தான் பின்பற்றினார்கள். மனிதருக்குக் காதெலும்பு இரண்டு. இரண்டும் கிடைத்த எலும்புக்கூட்டில் ஒரு பக்கத்தை மட்டும் துளைத்து, மறுபக்கத்தைத் தொடாமல் விட வேண்டும்.